தானே நகரும் புல்வெட்டி: இடப்பக்கச் சக்கரத்தின் பல் வழுக்குகிறது, பினியனை மட்டும் மாற்றினால் போதுமா?

ஏஜாக்ஸ்வாசி எழுதியது:

வணக்கம். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஏஜாக்ஸ் நகரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது 21 அங்குல வெட்டகலம் கொண்ட பெட்ரோல் புல்வெட்டி. கைப்பிடியில் உள்ள இயக்கக் கம்பியை அழுத்தினால் பின்சக்கரங்கள் இரண்டும் எஞ்சினின் விசையால் உருண்டு இயந்திரம் தானே முன்னே நகரும். கம்பியை விட்டால் நின்றுவிடும். பின்புறத் தோட்டம் வேலியை நோக்கி மேடாக ஏறுவதால், இந்த வசதி இல்லாமல் முழுத் தோட்டத்தையும் தள்ளித் தள்ளி வெட்டுவது என் முதுகுக்கு ஒத்துவராது.

சென்ற இலையுதிர்காலத்தில் ஈரப்புல்லை வெட்டிக்கொண்டிருந்தபோதே, மேடேறும் வேளைகளில் இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி எழத் தொடங்கியது. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த இயந்திரத்தை இந்த மே மாதம் வெளியே எடுத்தபோது ஒலி கூடியிருந்தது. சமதரையில் நேராகப் போகாமல் இடப்பக்கமாகத் திரும்புகிறது. மேட்டிலோ வலச்சக்கரம் மண்ணைக் கிளறுகிறதே தவிர இயந்திரம் ஏறுவதில்லை.

ஸ்பார்க் பிளக்கின் கம்பியைப் பிடுங்கி ஒதுக்கிவைத்துவிட்டு இடச்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தின் உட்புறத்தில் வளையமாக அமைந்த பிளாஸ்டிக் பற்களின் நுனி மழுங்கியிருக்கிறது; சில பற்கள் கூம்புபோல மெலிந்துவிட்டன. அச்சுத்தண்டின் முனையில் இருந்து இந்தப் பற்களைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய எஃகுப் பல்சக்கரம் பார்வைக்குக் குறையின்றி இருக்கிறது. பற்களுக்கும் தூசிமூடிக்கும் நடுவே காய்ந்த புல்லும் மண்ணும் இறுகிப்போய்க் கிடந்தன.

நகரில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடையில் விசாரித்தேன். கியர்பாக்ஸ் போய்விட்டது, அதை முழுதாக மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார்கள். முதல் இழுப்பிலேயே எஞ்சின் இயங்கும் ஓர் இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையிலேயே கியர்பாக்ஸ்தான் காரணமா? பினியனை மட்டும் மாற்றினால் போதுமா, சக்கரத்தையும் மாற்ற வேண்டுமா? மறுபடி பூட்டும்போது பற்களுக்குக் கிரீஸ் இடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுழல்தண்டு எழுதியது:

ஐயா, கியர்பாக்ஸைக் கழற்றாமலேயே அதன் நிலையைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். அதற்கு விசை எந்த வழியாகச் சக்கரத்துக்கு வந்து சேருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எஞ்சினின் சுழல்தண்டு செங்குத்தாகக் கீழிறங்கிக் கத்தியைச் சுழற்றுகிறது. கத்திக்குச் சற்று மேலே அதே தண்டில் உள்ள புல்லி என்ற பெல்ட் ஓடும் சக்கரத்திலிருந்து ஒரு வி-பெல்ட் புறப்பட்டு, பின்னால் இருக்கும் கியர்பாக்ஸின் புல்லியைச் சுழற்றுகிறது. கியர்பாக்ஸுக்குள் திருகுபோன்ற வார்ம் கியர் ஒன்று பல்சக்கரம் ஒன்றைச் சுழற்ற, அந்தப் பல்சக்கரத்தின் நடுவே இருபுறமும் நீண்டிருக்கும் ஒற்றை அச்சுத்தண்டு சுழல்கிறது. அத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள பினியன்கள்தான் சக்கரங்களின் உட்பற்களைத் தள்ளுகின்றன.

இப்போது நீங்கள் எழுதியதையே பாருங்கள். மேட்டில் வலச்சக்கரம் மண்ணைக் கிளறுகிறது என்கிறீர்கள். பெல்ட் தளர்ந்திருந்தாலோ, இயக்கக் கம்பியிலிருந்து வரும் கேபிள் நீண்டுபோயிருந்தாலோ, கியர்பாக்ஸின் உள்ளே பல் உடைந்திருந்தாலோ, ஒரே தண்டில் இணைந்த இரண்டு சக்கரங்களும் ஒன்றாகவே வலுவிழந்திருக்கும். ஒரு பக்கம் மண்ணைக் கிளறும் அளவுக்கு விசை வருகிறது என்றால், பழுது கியர்பாக்ஸுக்கு அப்பால், அதாவது இடப்பக்கப் பினியனுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் இயந்திரத்தை நேரில் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. சக்கரத்தைத் திரும்பப் பூட்டி, எஞ்சின் நின்றிருக்கும்போதே, ஸ்பார்க் பிளக்கின் கம்பி கழற்றிய நிலையில், சிமெண்டுத் தரையில் இயக்கக் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தைப் பின்னோக்கி இழுங்கள். பொறியமைப்பு சரியாக இருந்தால் இரண்டு பின்சக்கரங்களும் உருளாமல் பூட்டிக்கொண்டு தரையில் இழுபடும். எந்தச் சக்கரம் ‘டக் டக்’ என்று உருள்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் பழுது. அடுத்து, அதே சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு கைகளாலும் பற்றி, உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியபின் அச்சுத்தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இந்த மூன்றின் முடிவையும் எழுதினால் மேலே சொல்கிறேன்.

ஏஜாக்ஸ்வாசி எழுதியது:

மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். வலச்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடுகிறது. இடச்சக்கரம் ஒவ்வொரு பல்லாக வழுக்கிக்கொண்டு உருள்கிறது. இடச்சக்கரம் கையால் ஆட்டும்போது நன்றாகவே ஆடுகிறது. அச்சுத்தண்டும், அது உயரம் மாற்றும் தகட்டின் வழியே வெளியே வரும் இடத்தில், இடப்பக்கத்தில் மட்டும் மேலும் கீழும் அசைகிறது. வலப்பக்கத்தில் அத்தகைய அசைவு தெரியவில்லை.

பல்லிணை எழுதியது:

சிறிய எஞ்சின் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். பற்கள் தேய்ந்தது விளைவு. காரணம் நீங்கள் இப்போது கடைசியாக எழுதிய அசைவில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதிய சக்கரம் பூட்டினால், அதன் பற்களும் இதே போல விரைவில் மழுங்கிவிடும். இப்படிச் சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்த பருவத்தில் அதே ஒலியோடு திரும்பி வரும் இயந்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வகை இயந்திரத்தில் சக்கரம் சுழலும் அச்சு வேறு, பினியன் சுழலும் அச்சு வேறு. சக்கரம், தகட்டில் நிலையாகப் பொருத்தப்பட்ட ஒரு போல்ட்டின்மேல் தன் புஷ்ஷோடு, அதாவது அச்சைத் தாங்கும் குழல்போன்ற உறையோடு, சுழல்கிறது. பினியன் இருக்கும் அச்சுத்தண்டு அதே தகட்டில் உள்ள இன்னொரு புஷ்ஷின் வழியே வெளியே வருகிறது. இந்த இரு மையங்களுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் பற்கள் எவ்வளவு ஆழமாகக் கவ்வுகின்றன என்பதைத் தீர்மானிக்கிறது. பினியன் வளையத்துக்கு உள்ளே இருப்பதால், இந்தத் தொலைவு குறையக் குறையப் பினியன் உட்பற்களை விட்டு வளையத்தின் மையத்தை நோக்கி விலகும். பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் என்ற எண் 2 என்று வைத்துக்கொண்டால், பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும் ஆழம் அதன் இருமடங்கான 4 மி.மீ. மட்டுமே. சக்கரத்தின் புஷ் அரை மி.மீ., தண்டின் புஷ் அரை மி.மீ. தேய்ந்து இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால், அந்த ஆழத்தில் கால்பங்கு போய்விடுகிறது. சக்கரம் சாய்ந்தால் பல்லின் அகலம் முழுவதும் படாமல் ஒரு விளிம்பு மட்டும் பட்டு, இழப்பு இன்னும் கூடும்.

இதில் விசையின் பங்கையும் பார்க்க வேண்டும். மேடேறும்போது ஒரு சக்கரம் தரையில் 15 கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளுகிறது என்று கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 100 மி.மீ., உட்பற்கள் இருக்கும் வட்டத்தின் ஆரம் 60 மி.மீ. எனில், பல்லின்மேல் விழும் விசை 25 கிலோ ஆகிவிடும். பல்லின் பக்கச் சரிவைக் குறிக்கும் அழுத்தக் கோணம் வழக்கமான 20 பாகையாக இருந்தால், அந்த விசையில் ஏறத்தாழ 36 விழுக்காடு, அதாவது 9 கிலோ, பினியனையும் வளையத்தையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கத் தள்ளும். புஷ்கள் இறுக்கமாக இருக்கும்வரை அவை இதைத் தாங்கிக்கொள்ளும். புஷ் தேய்ந்ததும், விசை கூடும் ஒவ்வொரு முறையும் பினியன் விலகி, பல்லின் நுனியை மட்டும் உரசிக்கொண்டு தாண்டுகிறது. சமதரையில் ஓரளவு அமைதியாக ஓடும் இயந்திரம் மேட்டில் மட்டும் ஒலியெழுப்புவதற்குக் காரணம் இதுதான். எஃகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடக்கும் அந்த உரசலில் பிளாஸ்டிக் தோற்கிறது. நீங்கள் கண்ட கூம்பு வடிவம் அப்படி வந்ததே.

கியர்பாக்ஸுக்கு முன்பே இந்தப் பற்கள் போவதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது என்று கொண்டால், 200 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு நான்கரை கிலோமீட்டர் வேகத்தில் உருளும்போது நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்றுத்தான் சுற்றும். வேகம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையும் இந்தப் பாதையில், ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் குறையக் குறையச் சுழற்றுவிசை கூடிக்கொண்டே வருகிறது. கடைசிக் கட்டமான சக்கரத்தின் உட்பற்களே மிகுதியான சுமையைச் சுமக்கின்றன. புழுதியும் புல்லும் மண்ணும் படுவதும் அவற்றின்மேல்தான். கியர்பாக்ஸோ மூடிய பெட்டிக்குள், கிரீஸுக்கு நடுவில் பாதுகாப்பாக இருக்கிறது.

எனவே நீங்கள் மாற்ற வேண்டியவை: இடச்சக்கரம், அதன் புஷ் தனியாகக் கிடைக்கும் வகை என்றால் அதுவும், தகட்டில் தண்டு செல்லும் புஷ் அல்லது பேரிங், அந்தப் பக்கத்துப் பினியன். பினியன் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்றீர்கள். அதை வெளிச்சத்தில் பிடித்து, பல்லின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னோக்கித் தள்ளும் பக்கம் மட்டும் குழிந்து, பல்லின் நுனி கொக்கிபோல வளைந்திருந்தால் அது புதிய பிளாஸ்டிக் பற்களை அரத்தைப்போலச் சுரண்டிவிடும். அத்தகைய குழிவு இல்லை என்று விரல் நகத்தால் தடவி உறுதிசெய்துகொண்டால் மட்டும் பழையதையே பயன்படுத்துங்கள். தகட்டில் புஷ் உட்காரும் துளையே நீள்வட்டமாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஆகியிருந்தால் புதிய புஷ் அதில் நிலைக்காது, தகட்டையே மாற்ற நேரிடும்.

வேலையைத் தொடங்கும்போது இயந்திரத்தைச் சாய்க்க வேண்டியிருந்தால் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்நோக்கி இருக்கும்படியே சாய்க்க வேண்டும்; மறுபுறம் சாய்த்தால் எஞ்சின் ஆயில் ஃபில்டரை நனைத்துவிடும், பிறகு இயந்திரத்தைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிடும். பெட்ரோலை முன்னதாகவே வடித்துவிடுவது நல்லது. பினியனைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப் என்ற வில்வளையம் கழற்றும்போது துள்ளி ஓடும் தன்மை உடையது. ஒரு துணியால் மூடிக்கொண்டு, கண்ணாடி அணிந்து கழற்றுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அவை பினியனைப் பக்கவாட்டில் சரியான இடத்தில் நிறுத்துபவை. ஒன்று குறைந்தாலும் பினியன் பல்லின் பாதி அகலத்தில் மட்டும் கவ்வும்.

கிரீஸைப் பொறுத்தவரை, தண்டும் புஷ்ஷும் சேரும் இடத்தில் மெல்லியதாகத் தடவலாம், பற்களின்மேல் வேண்டாம். அங்கே இடும் கிரீஸ் மண்ணையும் புல்தூளையும் பிடித்துவைத்துக்கொண்டு, பற்களைத் தேய்க்கும் பசையாக மாறிவிடும். உங்கள் இயந்திரத்தின் கையேடு குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட கிரீஸை இடச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூடி நன்றாகப் பொருந்தும் சில வடிவமைப்புகளில் அது பொருத்தமாகவே இருக்கும்.

சரிவுநிலம் எழுதியது:

பல்லிணை அவர்கள் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் நிலமும் சரிவானது என்பதால் இவற்றில் எனக்கு நேரடி அக்கறை உண்டு.

முதலாவது, உதிரிப்பாகம் வந்து சேரும்வரை வெட்டாமல் இருக்க முடியாது என்றால், இரண்டு பின்சில்லுகளும் ஒரே வடிவமாக இருக்கும் இயந்திரங்களில் இடச்சில்லை வலப்பக்கத்திலும் வலச்சில்லை இடப்பக்கத்திலும் மாற்றிப் பூட்டலாம். இயந்திரம் எப்போதும் முன்னோக்கியே தள்ளப்படுவதால், சில்லின் உட்பற்களில் ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கும். சில்லை மறுபுறத்துக்கு மாற்றும்போது அது திருப்பி வைக்கப்படுவதால், பினியன் இதுவரை தொடாத பக்கத்தைத் தள்ளும். நுனிகள் மழுங்காமல், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பற்களுக்கு இது நல்ல ஆயுளைத் தருகிறது. உங்களுடையவை கூம்பாகிவிட்டன என்கிறீர்கள். அந்தப் பற்களுக்கு உயரமே குறைந்துவிட்டதால் சில வாரங்கள் ஓட்டுவதற்கு உதவலாம், நிரந்தரத் தீர்வாகாது. சில்லுகளை இப்படி மாற்றலாமே தவிர, பினியன்களை ஒருபோதும் இடம் மாற்றிப் பூட்டக் கூடாது. அவற்றின் உட்புற வடிவம் இடத்துக்கும் வலத்துக்கும் வேறுவேறு.

இரண்டாவது, ஏன் இடப்பக்கம் மட்டும் தேய்ந்தது என்பது. இந்த வகை இயந்திரங்களில், வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு தண்டைவிட வேகமாக உருள வேண்டியிருப்பதால், அதன் பினியன் பிடியை விட்டுவிட்டுச் சுதந்திரமாகச் சுழலும். அந்நேரத்தில் முழு இழுவையையும் உட்பக்கச் சில்லு ஒன்றே சுமக்கிறது. புல் வலப்பக்கமாக வெளியேறும் புல்வெட்டியை வைத்திருப்பவர்கள், வெட்டிய புல் ஏற்கெனவே வெட்டிய தரையில் விழ வேண்டும் என்பதற்காக, தோட்டத்தை வெளிவிளிம்பிலிருந்து இடஞ்சுழியாகச் சுற்றி உள்ளே வருவது வழக்கம். அப்படி வெட்டினால் எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமாகவே அமையும். எல்லாத் திருப்பங்களிலும் இடச்சில்லே உழைக்கும். ஏஜாக்ஸ்வாசி அவர்கள் எந்த முறையில் வெட்டுகிறார் என்று தெரிந்தால் நல்லது. சரிவுக்குக் குறுக்காக நடந்து, ஒரு முறை இடப்பக்கமாகவும் அடுத்த முறை வலப்பக்கமாகவும் திரும்பினால் சுமை இரண்டு பக்கமும் பகிர்ந்துவிடும். தள்ளிச் செல்லும் புல்வெட்டியைச் சரிவில் ஏற்றி இறக்குவதைவிடக் குறுக்காக ஓட்டுவதே கால் வழுக்கும்போது பாதுகாப்பானதும் ஆகும்.

கிரீஸ் விடயத்தில் பல்லிணை அவர்களைவிட நான் இன்னும் கண்டிப்பானவன். மூடி எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும், காய்ந்த புல்லின் தூள் உள்ளே போகாமல் இருப்பதை நான் பார்த்ததில்லை. பற்களையும் பினியனின் உட்புறத்தையும் உலர்வாகவே வைத்து, வெட்டி முடித்ததும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்வதே எங்கள் வழக்கம். ஈரப்புல்லை வெட்டிய நாளில் இது மிகவும் தேவை. காய்ந்து இறுகிய பிறகு அந்தப் புல் பற்களின் அடியில் கல்லாகிவிடும், பினியன் அதன்மேல் ஏறும்போது தண்டையே அசைக்கும்.

பல்லிணை எழுதியது:

சரிவுநிலம் அவர்கள் திருப்பங்களைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. வாடிக்கையாளர்களிடம் நானும் இதைக் கேட்கத் தவறுவதில்லை. பினியனின் உட்புறம் முற்றிலும் உலர்வாக இருக்கட்டும் என்பதில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. கடலோரத்திலோ, ஈரமான கொட்டகையிலோ வைக்கப்படும் இயந்திரங்களில், தண்டின் முனை துருப்பிடித்துப் பினியன் அதோடு ஒட்டிக்கொள்வதைக் காண்கிறேன். அப்படி ஒட்டிக்கொண்டால் சக்கரம் சுதந்திரமாக உருளாது, இயந்திரத்தைத் தள்ளுவதே கடினமாகிவிடும். ஒட்டாத உலர் மசகு ஒன்றை அங்கே மெல்லிய பூச்சாக இடுவது இரண்டு கவலைகளுக்கும் பொருந்தும். கெட்டியான கிரீஸை அங்கே திணிக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றே சொல்கிறோம். அது தண்டையும் பினியனையும் பிணைப்பதற்காக உள்ளே இருக்கும் சிறு கட்டையை நகரவிடாமல் பிடித்துவிடும்.

ஏஜாக்ஸ்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சரிவுநிலம் அவர்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், இடஞ்சுழியாகச் சுற்றித்தான் வெட்டுகிறேன், இயந்திரமும் வலப்பக்கமாகப் புல்லை வெளியேற்றுவதே. இனி முறையை மாற்றிக்கொள்கிறேன்.

இடப்பக்கப் பினியனைக் கழற்றிவிட்டேன். தண்டின் குறுக்கே உள்ள துளையிலிருந்து ஒரு சிறிய எஃகுக் கட்டை கீழே விழுந்தது. பல்லிணை அவர்கள் குறிப்பிட்ட கட்டை இதுதான் என்று நினைக்கிறேன். இதன் ஒரு முனை சற்றே உருண்டும் மற்றொன்று கூராகவும் தெரிகிறது. இதை எப்படித் திரும்ப வைப்பது, சரியாக வைத்தேன் என்று எப்படி அறிவது? உதிரிப்பாகம் வாங்கும்போது எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதும் குழப்பமாக இருக்கிறது. எஞ்சினின்மேல் ஓர் எண், இயந்திரத்தின் பின்புறம் வேறோர் எண்.

சுழல்தண்டு எழுதியது:

ஐயா, அந்தக் கட்டைதான் இந்த அமைப்பின் உயிர். பட்டறையில் அதைக் கீ என்பார்கள். அது தண்டின் துளைக்குள் தாராளமாக அங்குமிங்கும் வழுக்கும்படி இருக்க வேண்டும். பினியனின் உட்புறத்தில் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் வெட்டிய பள்ளங்கள் இருக்கும். தண்டு முன்னோக்கிச் சுழலும்போது கட்டையின் முனை செங்குத்தான சுவரில் முட்டிப் பினியனைத் தள்ளிக்கொண்டு போகும். சக்கரம் தண்டைவிட வேகமாக உருளும்போது சரிவான பக்கம் கட்டையை உள்ளே தள்ளிவிட்டு வழுக்கிச் செல்லும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் பிடியை விடுவதாகச் சரிவுநிலம் அவர்கள் சொன்னது இதனால்தான் நடக்கிறது.

கட்டையின் முனை உருண்டிருக்கிறது என்கிறீர்கள். வடிவமைப்பே ஒரு முனையை உருட்டி வைத்திருக்கலாம், அல்லது தேய்ந்தும் இருக்கலாம். வலப்பக்கத்துக் கட்டையை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தேய்ந்த கட்டை சுமை ஏறும்போது சுவரிலிருந்து நழுவும்; அதுவும் ‘டக்’ என்றே ஒலிக்கும், பற்கள் வழுக்கும் ஒலியிலிருந்து காதால் பிரித்தறிவது கடினம். மலிவான பாகம்தான், வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வலப்பக்கத்தில் அது எந்தத் திசையில் இருந்தது என்பதைப் பார்த்து, இடப்பக்கத்தில் அதன் எதிர்வடிவமாக வைக்க வேண்டும்.

சரியாகப் பூட்டினோமா என்பதைச் சக்கரத்தை மாட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். பினியனைப் பூட்டி, இயக்கக் கம்பியை இன்னொருவர் அழுத்திப் பிடித்திருக்க, பினியனைக் கையால் சுழற்றுங்கள். முன்னோக்கி, அதாவது இயந்திரம் முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசையில், அது கடகடவென்று தடையின்றிச் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுழற்றினால் தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இது தலைகீழாக நடந்தால் கட்டையோ பினியனோ மாறிப்போயிருக்கிறது. அந்நிலையில் சக்கரத்தைப் பூட்டினால் இயந்திரம் நகராது, கையால் தள்ளவும் முடியாமல் பூட்டிக்கொள்ளும்.

உதிரிப்பாகத்துக்கு எஞ்சினின்மேல் உள்ள எண்ணைக் கொடுக்காதீர்கள். புல்வெட்டியைச் செய்யும் நிறுவனங்கள் பலவும் எஞ்சினை வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பொருத்துகின்றன. அந்த எண்ணை வைத்துத் தேடினால் பிஸ்டனும் கார்புரேட்டரும் கிடைக்கும், சக்கரம் கிடைக்காது. இயந்திரத் தளத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் தொடர் எண்ணையும் கொடுங்கள். ஒரே மாடலில் வெவ்வேறு ஆண்டுகளில் பற்களின் எண்ணிக்கை மாறியிருக்கக்கூடும் என்பதால் தொடர் எண் தேவைப்படுகிறது. இவற்றை வைத்து நிறுவனம் வெளியிடும் பாகப் படத்தில் புஷ், பினியன், கீ, சக்கரம் ஆகிய நான்கின் எண்களையும் குறித்துக்கொள்ளலாம். புதிய சக்கரம் கைக்கு வந்ததும் பழையதன் பற்களையும் புதியதன் பற்களையும் எண்ணி ஒப்பிட்டுவிட்டுப் பூட்டுங்கள். முப்பரிமாண அச்சில் பற்களை அச்சடித்துக்கொள்ளலாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். வழக்கமாக அதற்குப் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். கோடை வெயிலில் நின்ற இயந்திரத்தின் மேட்டுச் சுமையை அது தாங்காது.

சரிவுநிலம் எழுதியது:

ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தைப் பின்னோக்கி இழுக்க வேண்டியிருக்கும்போது, இயக்கக் கம்பியை விட்டுவிட்டு, முதலில் ஒரு சாண் தூரம் முன்னே தள்ளுங்கள். அப்போது இரு பக்கக் கட்டைகளும் பள்ளத்திலிருந்து விடுபடும். பிறகு இழுத்தால் தடையின்றி வரும். விடுவிக்காமல் வேலி ஓரங்களில் பலத்தோடு பின்னால் இழுப்பதும் உட்பற்களின்மேல் பெரும் சுமையை ஏற்றும். சில்லு பூட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் முழு எடையும் ஒன்றிரண்டு பற்களின்மேல்தான் விழுகிறது.

ஏஜாக்ஸ்வாசி எழுதியது:

வேலி ஓரத்தில் நான் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். இனி முன்னே தள்ளிவிட்டு இழுக்கிறேன். தகட்டின் துளையைத் துடைத்து அளந்து பார்த்தேன். வட்டமாகவே இருக்கிறது, தேய்ந்தது பிளாஸ்டிக் புஷ் மட்டுமே. இடச்சக்கரம், இரு பக்கத்துக்கும் புஷ், இடப்பக்கப் பினியன், இரண்டு கீ ஆகியவற்றுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். அவை வரும்வரை பின்மேட்டை விட்டுவிட்டு, முன்புறத்துச் சமதரையை மட்டும், இயக்கக் கம்பியைத் தொடாமல், கையால் தள்ளியே வெட்டிக்கொள்கிறேன்.